டிசம்பர் 31க்குள் கார் வாங்கியே ஆக வேண்டுமா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 34, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். மனைவி பாலர் பள்ளியில் வேலை செய்கிறார். இரண்டாவது குழந்தை மார்ச்சில் பிறக்கப்போகிறது. வீட்டில் இருப்பது 2008இல் வாங்கிய மைவி. கியர்பாக்ஸ் தடுமாறுகிறது, சரிசெய்ய 2,200 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். புதிய உள்நாட்டு செடான் ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறார். விலை 63,000 வெள்ளி. டிசம்பர் 31க்குள் பதிவு செய்தால் கார் நிறுவனம் 3,000 வெள்ளி தள்ளுபடி தருகிறதாம். ஜனவரியில் விலை ஏறும், 500 வெள்ளி புக்கிங் பணத்தை இன்றே என் கணக்கில் போட்டுவிடுங்கள் என்கிறார் விற்பனையாளர். பழைய மைவிக்கு 6,000 வெள்ளி தருவதாகவும் சொல்லியிருக்கிறார். அரசாங்க ஊழியர் பெயரில் வாங்கினால் இன்னும் 1,500 குறையும் என்பதால், தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருக்கும் பெரியம்மா மகன் பெயரில் எடுக்கவும் யோசனை சொல்லியிருக்கிறார்.

வீட்டில் மூன்று கருத்துகள். ஜனவரியில் எடுத்தால்தான் கிரானில் (காரின் பதிவுச் சான்றிதழில்) புதிய வருடம் வரும், விற்கும்போது லாபம் என்கிறார் மைத்துனர். மார்கழியில் புது வண்டி வேண்டாம், தை பிறக்கட்டும் என்கிறார் அம்மா. குழந்தை பிறப்பதற்குள் நம்பகமான வண்டி வேண்டும் என்கிறார் மனைவி. வாசகரின் கணக்கு வேறு: வட்டி 3.2 விழுக்காடுதானே, வீட்டுக் கடனைவிடக் குறைவு, ஒன்பது வருடத்துக்கு எடுத்துவிட்டு மூன்றாம் வருடம் போனஸில் மொத்தமாக அடைத்துவிடலாம். கையில் 9,000 வெள்ளி சேமிப்பு. ஓவர்டைம் இல்லாமல் இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது 4,750. வீட்டுத் தவணை 1,150. "எப்போது வாங்கினால் நல்லது?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

தம்பி, கடிதத்தில் எல்லா எண்களையும் ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. ஒரு வங்கியின் வாடகைக் கொள்முதல் பிரிவில், அதாவது கார் கடன் பிரிவில், பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இந்த ஆலோசனைப் பணிக்கு வந்தவள் நான். அங்கே என் மேசைக்கு வந்தவர்களில் மிகப் பலர் நீங்கள் கேட்ட இதே கேள்வியோடுதான் வந்தார்கள். எப்போது வாங்குவது என்று கேட்பார்கள். எத்தனை வருடத்துக்கு, எவ்வளவு கடன், யார் பெயரில் என்பதை அவசரத்தில் கையெழுத்துப் போடும் அன்றுதான் யோசிப்பார்கள். உங்கள் பணம் அதிகம் கரையப்போவது அந்த மூன்றில்தான். அதனால் முதலில் தள்ளுபடியையும், அப்புறம் கடனையும் பார்ப்போம்.

டிசம்பர் 31 யாருடைய கெடு?

அரசாங்கம் தரும் வரிச் சலுகைக்குச் சட்டப்படி ஒரு கடைசி நாள் இருக்கும். 2020 ஜூன் 15 முதல் 2022 ஜூன் 30 வரை விற்பனை வரி விலக்கு இருந்தது நினைவிருக்கும். உள்நாட்டில் பொருத்திய கார்களுக்கு முழு விலக்கு, இறக்குமதிக் கார்களுக்குப் பாதி. கடைசி நாளுக்குள் புக்கிங் செய்தவர்கள் 2023 மார்ச் 31க்குள் பதிவு செய்தால் போதும் என்று பிறகு அவகாசமும் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட தேதிக்கு அர்த்தம் உண்டு. அது போனால் போனதுதான்.

நிறுவனம் தரும் தள்ளுபடி அந்த வகை இல்லை. அதன் தேதியை நிறுவனமே வைக்கிறது, நிறுவனமே நீட்டிக்கவும் செய்கிறது. ஆண்டு முடிவதற்குள் அந்த வருடத்துத் தயாரிப்புகளை வெளியே அனுப்ப வேண்டும், விற்பனை இலக்கை எட்ட வேண்டும், முகவர் நிலையத்துக்கும் விற்பனையாளருக்கும் இலக்கை ஒட்டிய ஊக்கத்தொகை இருக்கிறது. டிசம்பரில் விலை இறங்குவதற்குக் காரணம் இவைதான். அந்த அழுத்தம் உங்களுக்கு உதவலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஜனவரி 1ஆம் தேதி கடையில் மிஞ்சிய கார்கள் ஒரே இரவில் "போன வருடத்துக் கார்" ஆகிவிடும். சீனப் புத்தாண்டு விற்பனையில் அந்த மிச்சக் கார்களுக்கு டிசம்பரைவிடப் பெரிய தள்ளுபடி போட்டதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். நீங்கள் கேட்ட நிறமும் ரகமும் அதில் இருக்கும் என்று மட்டும் சொல்ல முடியாது.

விலை ஏறும் என்ற பேச்சையும் சொல்ல வேண்டும். உள்நாட்டில் பொருத்தும் கார்களுக்குக் கலால் வரி கணக்கிடும் புதிய விதி 2019 டிசம்பரில் அரசிதழில் வந்தது. அதன் அமலாக்கம் பல முறை தள்ளிப்போனது. தள்ளிப்போன ஒவ்வொரு ஆண்டின் கடைசியிலும் "அடுத்த மாதம் விலை ஏறும்" என்ற பேச்சு ஷோரூம்களில் கேட்கும். ஏறவே ஏறாது என்று நான் சொல்லவில்லை. விற்பனையாளர் வாயால் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்கிறேன்.

தள்ளுபடியைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது புக்கிங் தேதிக்கா, பதிவுத் தேதிக்கா? உங்கள் கடிதப்படி பதிவுத் தேதிக்கு. அப்படியானால் இன்றே 500 வெள்ளி போடுவதால் தள்ளுபடி உறுதியாகாது. கார் கையிருப்பில் இருக்க வேண்டும், வங்கி கடனை ஒப்புக்கொள்ள வேண்டும், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் பதிவு முடிய வேண்டும். இதில் ஒன்று தாமதமானாலும் தேதி போய்விடும். "31க்குள் பதிவாகாவிட்டால் புக்கிங் பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்ற வரியை ஆர்டர் படிவத்தில் எழுதி வாங்குங்கள். பணத்தை நிறுவனக் கணக்கில் போட்டு ரசீது வாங்குங்கள். அவருடைய சொந்தக் கணக்கில் ஒரு வெள்ளிகூடப் போட வேண்டாம்.

3.2 விழுக்காடு உண்மையில் எவ்வளவு?

இங்கேதான் உங்கள் கணக்கு தவறுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வீட்டுக் கடனில் நீங்கள் கட்டக் கட்ட வட்டி மீதியுள்ள தொகைக்கு மட்டும்தான். உங்களுக்குச் சொல்லப்பட்ட கார் கடன் வட்டி ஃப்ளாட் ரேட். முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும், கடைசி வருடம் வரை, அதே வட்டி. தள்ளுபடி போக 60,000 வெள்ளி, அதில் 6,000 முன்பணம், கடன் 54,000 என்று வைப்போம். ஒன்பது வருடத்துக்கு வட்டி 15,552 வெள்ளி. மாதம் 644. இதை வீட்டுக் கடன் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் வட்டி ஆறு விழுக்காட்டை ஒட்டி வரும். வீட்டுக் கடனைவிடக் குறைவு என்று நீங்கள் நினைத்தது இந்த இரண்டு கணக்கும் வேறு வேறு என்பதால்தான். இது உங்கள் தவறில்லை, எல்லோரும் அப்படித்தான் ஒப்பிடுகிறார்கள்.

அதே 54,000 வெள்ளியை ஏழு வருடத்துக்கு எடுங்கள். வட்டி 12,096. மாதம் ஏறக்குறைய 787. மிச்சம் 3,456 வெள்ளி. டிசம்பர் 31ஐப் பிடிக்க நீங்கள் ஓடும் அந்த 3,000 வெள்ளித் தள்ளுபடியைவிட இது பெரிது. இதற்கு எந்தக் கெடுவும் கிடையாது.

மாதம் 143 கூடுகிறதே, குழந்தை வேறு வருகிறதே என்று உங்கள் மனைவி கேட்பார். நியாயம்தான். அதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. பழைய மைவிக்கு 6,000 தருவதாகச் சொன்னார்களே, அதைச் செலவழிக்காமல் முன்பணத்தோடு சேர்த்துவிடுங்கள். கடன் 48,000 ஆகும். ஏழு வருட வட்டி 10,752, மாதத் தவணை 700க்கும் ஒரு வெள்ளி குறைவு. ஒன்பது வருடத் தவணையைவிட மாதம் 55 வெள்ளிதான் அதிகம். இரண்டு வருடம் முன்னதாகக் கடன் முடியும், வட்டியில் 4,800 வெள்ளி மிஞ்சும், சேமிப்பில் 3,000 வெள்ளி பிரசவச் செலவுக்குத் தொடாமல் இருக்கும். ஐந்து வருடம் இன்னும் நல்லது என்று சிலர் சொல்வார்கள். ஓவர்டைமை நம்பாமல் பார்த்தால் இந்த வருடம் அது உங்களுக்கு இறுக்கிப் பிடிக்கும். நான் சொல்ல மாட்டேன்.

"தள்ளுபடியை முன்பணமாகப் போட்டுக்கொள்ளலாம், கையில் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் பழக்கமும் உண்டு. கேட்க இனிமையாக இருக்கும். ஒன்பது வருடக் கடனில் கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு 1,000 வெள்ளிக்கும் 288 வெள்ளி வட்டி. 3,000 வெள்ளித் தள்ளுபடியை விலையில் கழிக்காமல் அப்படிப் போட்டால் 864 வெள்ளி வட்டியாகத் திரும்பிப் போகும்.

மூன்றாம் வருடம் போனஸில் அடைப்பது பற்றி. ஃப்ளாட் ரேட் கடனை முன்கூட்டி முடித்தால் வட்டியில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். அதைக் கணக்கிட நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த 78 விதியில் ஆரம்ப மாதங்களுக்கே வட்டி அதிகமாக ஒதுக்கப்படும். ஒன்பது வருடக் கடனை 36 மாதத்தில் முடித்தால், காலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போயிருக்கும், ஆனால் வட்டியில் 55 விழுக்காடு போயிருக்கும். 15,552இல் 8,600 வெள்ளிக்குச் சற்று மேல். எனவே, "பிறகு அடைத்துக்கொள்ளலாம்" என்று நீண்ட காலம் எடுக்காதீர்கள். முன்கூட்டி அடைத்தால் எந்தக் கணக்கு என்பதைக் கையெழுத்துக்கு முன்பே வங்கியிடம் கேளுங்கள். வாடகைக் கொள்முதல் சட்டம் 1967இன்படி, ஒப்பந்தத்துக்கு முன்பே விலை, முன்பணம், வட்டிக் கட்டணம் எல்லாம் எழுதிய அறிக்கையை உங்களிடம் கொடுத்தாக வேண்டும். அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியோடு உட்கார்ந்து படியுங்கள்.

அண்ணன் பெயரில் வேண்டாம்

இதைத்தான் கடிதத்தில் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

1,500 வெள்ளிக்காக அந்த யோசனையை ஏற்காதீர்கள். அவர் பெயரில் எடுத்தால் சட்டப்படி கடன்காரர் அவர், பதிவு உரிமையாளர் அவர். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். என்ற கடன் பதிவேட்டில் கடன் அவர் பெயரில் நிற்கும். நாளைக்கு அவர் வீடு வாங்கப் போனால் உங்கள் கார்தான் குறுக்கே வரும். போக்குவரத்துச் சம்மன் அவர் பெயருக்கு வரும். ஓவர்டைம் நின்று அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால், காரைத் திரும்ப எடுக்கும் முன் வங்கி தர வேண்டிய 21 நாள் அறிவிப்பும் அவர் வீட்டுக்கே போகும். உங்களுக்குத் தெரிவதற்கு முன் அவர் மனைவிக்குத் தெரியும். அப்புறம் அரசாங்க ஊழியருக்கென்று தரும் சலுகையை வேறொருவர் ஓட்டும் காருக்கு வாங்குவது, சலுகை கொடுத்தவரை ஏமாற்றுவதுதான். அதில் ஓர் ஆசிரியர் பெயரை மாட்டிவிட வேண்டாம்.

நான் வங்கியில் இருந்தபோது, தங்கை பெயரில் கார் எடுத்த ஓர் அண்ணன் தவணை கட்ட முடியாமல் போய், கடைசியில் இரு குடும்பமும் கல்யாணம் காட்சிக்குக்கூடப் போகாமல் ஆனதைப் பார்த்தேன். கார் ஏலத்தில் போனது, மீதிக் கடன் அந்தப் பெண் தலையில். இதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

பணக் கணக்கிலும் அது நஷ்டம். நீங்கள் பல ஆண்டுகளாகக் காப்பீட்டு இழப்பீடு கேட்காததால், அதற்குக் கிடைக்கும் கட்டணத் தள்ளுபடியான என்.சி.டி. 55 விழுக்காட்டில் நிற்கிறது, மைவியை விற்றால் அது போய்விடுமே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். போகாது. என்.சி.டி. காருக்கு உரியது இல்லை, உங்களுக்கு உரியது. பழைய கார் கைமாறியதும் அதைப் புதிய காரின் காப்பீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கார் அண்ணன் பெயரில் இருந்தால் உங்கள் 55 விழுக்காடு அதற்குச் செல்லாது. அங்கே மிச்சம் பிடித்தது காப்பீட்டில் போய்விடும். ஷோரூம் தரும் காப்பீட்டு மதிப்பீட்டில் 55 என்று போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பூஜ்யத்தில் போட்டுக் கொடுத்த தாள்களை நான் பார்த்திருக்கிறேன்.

கிரானில் வருடம், மைத்துனரின் கணக்கு

மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. பழைய கார் வாங்குபவர்கள் பதிவான வருடத்தோடு, செய்த வருடத்தையும் பார்க்கிறார்கள். விளம்பரங்களில் இரண்டு வருடங்களையும் சாய்கோடு போட்டு எழுதுவது அதனால்தான். இந்த வருடம் செய்த காரை ஜனவரியில் பதிந்தாலும் கிரானில் "செய்த வருடம்" மாறாது. புதிய வருடத்துத் தயாரிப்புதான் வேண்டும் என்றால் அது தொழிற்சாலையிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குத் தள்ளுபடியும் குறைவாகவே இருக்கும்.

இன்னொன்று, மூன்று நான்கு வருடத்தில் விற்பவருக்குத்தான் இந்த ஒரு வருட வித்தியாசம் பெரிது. நீங்கள் மைவியை 2008லிருந்து ஓட்டுகிறீர்கள். அடுத்ததையும் அப்படித்தான் ஓட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை.

பழைய காரை விற்பது பற்றி ஒரு வார்த்தை. புதிய கார் தள்ளுபடியைக் குறைத்துவிட்டு அதைப் பழைய காரின் விலையில் ஏற்றிக் காட்டுவது உண்டு. "6,000க்கு எடுத்துக்கொள்கிறோம்" என்றால், பழைய கார் இல்லாமல் வந்தால் புதிய காருக்குத் தள்ளுபடி எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். வெளியே இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். கியர்பாக்ஸ் பிரச்சினையை மறைக்காமல் சொல்லுங்கள். விற்கப்போகும் காருக்கு 2,200 செலவழிக்க வேண்டாம்.

மார்கழி

அம்மா சொல்வதை நான் ஒதுக்கிவைக்க மாட்டேன். வருடக்கணக்கில் குடும்பத்தோடு ஓடப்போகும் வண்டியில் அம்மா மனசு குளிர்ந்து ஏற வேண்டும் என்பதும் ஒரு கணக்குதான். மார்கழி டிசம்பர் 16 வாக்கில் பிறக்கிறது. இந்தப் பதில் வெளிவருவது நவம்பர் கடைசி வாரம். கார் கையிருப்பில் இருந்து, ஆவணங்களை இந்த வாரமே கொடுத்தால் கார்த்திகைக்குள் பதிவு முடிய வாய்ப்பு இருக்கிறது. முடியவில்லை என்றால் அம்மாவிடமே கேட்டுப் பாருங்கள்: பதிவு டிசம்பரில் நடக்கட்டும், தண்ணீர்மலை முருகன் கோயிலில் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டி ஓடத் தொடங்குவது தை முதல் நாளில் இருக்கட்டும். பல வீடுகளில் இதற்கு அம்மாக்கள் சம்மதித்திருக்கிறார்கள். சம்மதிக்காவிட்டால் தைக்கே விட்டுவிடுங்கள். மேலே போட்ட கணக்கின்படி, தவணைக் காலத்தைச் சரியாக வைத்தாலே இந்தத் தள்ளுபடியின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடலாம்.

உங்களுக்கு உண்மையான கெடு மார்ச். நடு இரவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கியர் விழாமல் நிற்கக் கூடாது. பிப்ரவரி நடுவுக்குள் நல்ல வண்டி கையில் இருக்க வேண்டும். அதற்கு முன் எந்த நாளும் நல்ல நாள்தான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

முதலில் பேங்க் நெகாராவின் இ-சி.சி.ஆர்.ஐ.எஸ். வழியாக உங்கள் கடன் அறிக்கையை எடுங்கள், இலவசம். கடந்த பன்னிரண்டு மாதத்தில் வீட்டுத் தவணை எங்காவது பிந்தியிருந்தால் அதில் தெரியும். ஒரே நேரத்தில் ஐந்து வங்கிக்கு விண்ணப்பம் போக விடாதீர்கள், எல்லாம் அந்த அறிக்கையில் பதிவாகும். இரண்டு போதும்.

அப்புறம் அதே காருக்குப் பட்டர்வொர்த்திலோ தீவிலோ வேறொரு முகவரிடமும் மொத்த விலையை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத் தள்ளுபடி இரு இடத்திலும் ஒன்றாகத்தான் இருக்கும், அதற்கு மேல் முகவர் தருவதுதான் மாறும். கண்ணாடியில் ஒட்டும் படம், கேமரா, கால்பாய் எல்லாம் இலவசம் என்றால், அவை இல்லாமல் விலையில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். எழுதிய தாளை நீட்டினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

முன்பணம் சட்டப்படி குறைந்தது ரொக்க விலையில் பத்து விழுக்காடு. "முன்பணமே வேண்டாம், விலையைக் கொஞ்சம் ஏற்றிப் போட்டு முழுக் கடன் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

புக்கிங் பணம் திரும்பி வராத சிக்கல் வந்தால், மலேசியப் பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் கையில் ரசீதும் ஆர்டர் படிவமும் இருக்க வேண்டும், வாட்ஸ்ஆப்பில் பேசியது மட்டும் இருந்தால் இழுபறியாகும். தவணை கட்டுவதில் பிறகு சிரமம் வந்தால் இரண்டாவது தவணை தவறும்வரை காத்திருக்காமல் கடன் ஆலோசனை தரும் ஏ.கே.பி.கே.யைப் பாருங்கள். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த நிறுவனம் அது, ஆலோசனை இலவசம்.

வங்கியின் ஒப்புதல் தாள் வந்ததும், ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். கடன் தொகை, வருடம், மொத்த வட்டி மூன்றையும் பார்த்துச் சொல்கிறேன், அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.